ஓரிரு இடங்களில்

ரேடியோவில் ‘ஓரிரு இடங்களில் மழை’ என்றால் ஞானப்பூ இரண்டு பாத்திரங்களை எடுத்து வைப்பாள். அவள் ஓட்டு வீடும் ஓரிரு இடங்களில்தான் ஒழுகும். ‘சில இடங்களில்’ என்றால் நான்கு. கணவர் தாசையாவோடு மூன்று நாளாகப் பேச்சில்லை. அவர் கட்டில் வடக்குச் சுவரோரம், அவள் பாய் தெற்கில். அன்று மாலை, ‘பெரும்பாலான இடங்களில் கனமழை, குளிர்காற்றும் வீசும்’ என்றது ரேடியோ. வீட்டுப் பாத்திரங்களெல்லாம் தரைக்கு இறங்கின. கட்டிலும் நனைந்தது. போர்வையும் கையுமாக அவர் நிற்க, “இந்தப் பாய்ல ஒழுகல” என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

விடிந்ததும், ‘வறண்ட வானிலை’ என்று ஆரம்பித்த ரேடியோவை அவர் சட்டென்று அணைத்தார்.

“என்ன சொல்லுதான்?”

“இன்னைக்கும் பெரும்பாலான எடத்துல மழதானாம்.”

ஓட்டு இடுக்கு வழியாக அவர் மூக்கின்மேல் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அவள் தரையிலிருந்து ஒரு பாத்திரத்தையும் எடுக்கவில்லை.