சுவரைப் பிடிக்காமல்

உட்கார்ந்தாயிற்று. இனி எழுந்திருக்க வேண்டும்.

சுவரைப் பிடிக்காமல்.

பழைய கக்கூஸ் கதவுக்கு வெளியே கொத்தனார் இசக்கிமுத்து சம்மட்டியோடு நிற்கிறான். முற்றத்தில் வைக்கோல் சுற்றிய புது வெள்ளைக் கக்கூஸ். நாற்காலி மாதிரி உட்கார்ந்து போகிறது. மகன் வாங்கிப் போட்டுவிட்டு ஆறு மணிக்கே மில்லுக்குப் போய்விட்டான்.

போகும்போது ஒரு வார்த்தை சொன்னான்.

“அப்பா பிடிக்காம எந்திச்சு வந்துட்டாவன்னா, கொத்தனாரத் திருப்பி அனுப்பிரு.”

அவரிடம் சொல்லவில்லை. மருமகள் ஆவுடையிடம் சொன்னான்.

பெரியவர் உந்திப் பார்த்தார். உடம்பு எழும்பவில்லை.

முட்டி இரண்டும் பளபளவென்று இருந்தன. காலையில் அரை மணி நேரம் தேய்த்திருக்கிறார். மலையாளத்து வைத்தியர் கொடுத்த எண்ணெய். லேசாகச் சூடு காட்டி, மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே. ஒரு மண்டலம் தேய்க்கச் சொல்லியிருந்தார் வைத்தியர். நாற்பத்தெட்டு நாள்.

இன்றைக்கு முப்பத்தொன்று.

நம்பித் தேய்த்தாரா என்றால், இல்லை. அவர் எவனையும் நம்பியதில்லை. முட்டியை மாத்தணும் என்ற டாக்டரை நம்பவில்லை. படம் பிடித்த மெஷினை நம்பவில்லை. எண்ணெயை வீட்டில் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று பாட்டில் காகிதத்தில் தினமும் நகத்தால் கோடு கீறி வைக்கிற ஆள்.

ஆனால் கீழத்தெரு பிச்சையாவுக்கு முதலில் இந்த நாற்காலிக் கக்கூஸ்தான் வந்தது. பிறகு கம்பு வந்தது. பிறகு கட்டில்.

இப்போது பிச்சையாவிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவர் வயலை விற்றபோதுகூடக் கேட்கவில்லை.

“என்ன பெரியவரே, உள்ளயே குடியிருக்கப் போறியளா?”

கொத்தனார்தான்.

“ஒன் வீட்டுக் கக்கூஸ்லயால இருக்கேன்? பொத்திக்கிட்டு நில்லு.”

மறுபடியும் முயன்றார். குதிங்காலை ஊன்றி, மூச்சைப் பிடித்து. இடுப்பு ஒரு சாண் உயர்ந்தது. அங்கேயே நின்றது. மேலேயும் போகமாட்டேன் என்றது, கீழேயும் இறங்கமாட்டேன் என்றது.

கை போய்விட்டது.

அவர் அனுப்பவில்லை. அதுவாகப் போய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

எழுந்து நின்றார்.

வெள்ளையடித்த சுவரில் ஐந்து விரலும் உள்ளங்கையும் எண்ணெயாகப் பதிந்திருந்தன.

வேட்டி நுனியால் துடைத்தார். பரவியது. தண்ணீரை அள்ளி அடித்தார். தண்ணீர் வழிந்து போயிற்று. கை மட்டும் முன்னைவிடத் தெளிவாக நின்றது.

சரி, இருந்துவிட்டுப் போகட்டும். உள்ளே வந்து பார்த்தவன் எவன்? பிடிக்கவில்லை என்று சொன்னால் பிடிக்கவில்லைதான்.

தாழ்ப்பாளில் கை வைத்தவர் நின்றார்.

நேற்றைய கை எங்கே?

முந்தாநாள் கை?

முப்பது நாளும் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார். விடியும் முன்னே, இருட்டோடு இருட்டாக. சுவரை வெளிச்சத்தில் பார்ப்பது இன்றைக்குத்தான். முப்பது கை இருக்க வேண்டும் அதில்.

கிட்டே போய்ப் பார்த்தார்.

அந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு தேய்ந்திருந்தது. பிரஷ் கீறல்கள். இடுக்கில் காய்ந்த சோப்புத்தூள். தேய்த்துத் தேய்த்து ஒரு முறத்தளவுக்கு உள்ளே இருக்கிற சிமெண்டு தெரிந்தது.

மகனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

கதவைத் திறந்தார்.

ஆவுடை நின்றிருந்தாள். அவர் தோளுக்குக் கீழேதான் வருவாள். கையில் வாளி. வாளிக்குள் பிரஷ். அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை.

“என்ன முடிவு? ஒடைக்கவா, போகவா?” என்றான் கொத்தனார்.

அவர் வாயைத் திறந்தார்.

“மாமா நல்லாத்தான் எந்திக்காவ,” என்றாள் ஆவுடை. “எனக்குத்தாண்ணே முட்டி வலி. குத்தவைக்க முடியல. எனக்காகப் போடுங்க.”

சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

ஓட்டம்தான். நடை இல்லை.

சம்மட்டி விழுந்தது. அவருக்கு ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்குப் போனார். திரும்பி வந்தார். அடுப்படி வரைக்கும் போய், எதற்குப் போனோம் என்று தெரியாதவர்போல ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். ஆவுடை வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தரையில் சம்மணம் போட்டு.

“மெதுவா ஒடைக்க மாட்டியால? காது போகுது.”

“மெதுவா எப்படிய்யா ஒடைக்க?”

தூசியோடு வெளியே வந்தான் கொத்தனார்.

“அக்காவ ஒரு நிமிசம் வரச் சொல்லுங்க. பக்கத்துல கைப்பிடி வைக்கணும். ஒயரம் பாக்கணும்.”

“அவ சோலியா இருக்கா.”

முற்றத்துக் கக்கூஸைச் சுற்றியிருந்த வைக்கோலைப் பிய்த்து எறிந்தார். பட்டப்பகலில், வேட்டியோடு, அதன்மேல் உட்கார்ந்தார். பக்கத்துச் சுவரில் கையை ஊன்றினார்.

“இங்க.”

கொத்தனார் டேப்பை நீட்டினான். அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தான்.

“அக்கா குட்டையாச்சே, பெரியவரே. எட்டாதே.”

“வளருவா,” என்றார்.

சுவரை விடவில்லை.