பூசைக்குக் கொடுத்த பெயர்

"இதோ இருக்குதுப்பா, பெரியப்பா பேரு" என்றாள் மரிய சுகந்தி.

கறுப்புக் கல்லில் மூன்றாவது வரிசை. எஸ். பாஸ்கல். ஆங்கில எழுத்தில் வெட்டி, வெட்டிய இடத்தில் பொன் நிறம் பூசியிருந்தார்கள்.

லியோ பார்க்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைத்தார். துடைத்ததையே மறுபடியும் துடைத்தார்.

வில்லியனூரிலிருந்து இரண்டு ரயில் மாறி, அதற்கு மேல் ஒரு பஸ்ஸும் பிடித்து, நாட்டின் மேற்குக் கரைக்கு மகளோடு வந்திருக்கிறார். எழுபத்தைந்து வயதில் இவ்வளவு தூரம் யாரும் சும்மா வரமாட்டார்கள். இந்தக் கல்லைப் பார்க்க வந்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றால் யாருக்கும் கோபம் வரும். சுகந்தி பொறுமைசாலி. அப்பாவுக்குத் துக்கம் பொங்குகிறது என்று விட்டுவிட்டாள்.

எழுபத்தொன்றாம் வருடப் போரில் முழுகிய கப்பலோடு போனவர்களின் பெயர்கள்தான் கல்லில். அந்தக் கப்பலைப் போலவே சின்னதாக ஒன்றைச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பெட்டிக்குப் பின்னால் கடல்.

உடம்பு கிடைக்கவில்லை. தந்திதான் வந்தது.

அதனால் கல்லறையில் அவனுக்கென்று ஒரு குழி இல்லை. கல்லறைத் திருநாளான நவம்பர் இரண்டாம் தேதி ஊரே கல்லறைகளைக் கழுவிப் பூ வைக்கும். லியோவின் அம்மா மட்டும் நடுவிலிருக்கும் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டு வருவாள். அவன் செத்த டிசம்பரில் பூசைக்குப் பெயர் கொடுப்பாள்.

'பாஸ்கலின் ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று சாமியார் வாசிக்கும்போது, லியோ கடைசி வரிசையில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்பார். கூடப்பிறந்தவன்மேல் என்ன பாசம் என்று பார்த்தவர்கள் சொல்வார்கள். அம்மா போன பிறகு பெயர் கொடுக்கிற வேலை அவர் தலையில் விழுந்தது. ஒரு வருடமும் தவறவிடவில்லை.

அம்மா சாகும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவன் செத்த கடலுக்குப் போய், பெயர் சொல்லி ஒரே ஒரு தடவை அவனைக் கூப்பிட்டுவிட்டு வா.

இருபத்தெட்டு வருடம் தள்ளிப்போட்டார். கடல் அவருக்கு ஆகாது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நல்லவாட்டுக் கடற்கரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால், செருப்பைக்கூடக் கழற்றாமல் படகு நிழலில் உட்கார்ந்துவிடுவார். பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்தாலும் அசையமாட்டார்.

இன்று அவராகவே படியிறங்கினார்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சுகந்தி முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் அலை காலில் பட்டதும் உடம்பு உதறியது. நிற்கவில்லை. முழங்கால் நனையும் வரைக்கும் போனார். பையிலிருந்த பாட்டிலைத் திறந்து, வில்லியனூர் மாதா கோயில் குளத்துத் தண்ணீரைக் கடலில் ஊற்றினார்.

பிறகு கூப்பிட்டார்.

"லியோ."

சுகந்தி அப்பாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். வெயில் வேறு, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை, அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா?

"இன்னாப்பா, உன் பேரயே கூப்பிடற. பெரியப்பா பேரு பாஸ்கலு."

"அவன் உனக்குப் பெரியப்பா இல்லம்மா. சித்தப்பா."

கப்பற்படையிலிருந்து அழைப்புக் கடிதம் பாஸ்கலுக்குத்தான் வந்தது. ஆசைப்பட்டு எழுதிப் போட்டவன், கடிதம் வந்ததும் பயந்துவிட்டான். தண்ணீர் என்றாலே அவனுக்கு நடுக்கம். இரண்டு வயது இளைய லியோ விழுந்து விழுந்து சிரித்தான். அண்ணனின் சர்ட்டிபிகேட்டை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, அண்ணனின் பெயரிலேயே ரயிலேறினான். படம் ஒட்டாத காகிதங்களின் காலம் அது. யாரும் கேட்கவில்லை.

தந்தி வந்த அன்று, காகிதப்படி செத்தவன் பாஸ்கல்.

உண்மையைச் சொன்னால் செத்த பிள்ளையை ஏமாற்றுக்காரன் என்பார்கள், அவனுக்குக் கிடைத்த மரியாதையைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அம்மா பயந்தாள். மண்ணாடிப்பட்டுப் பக்கத்திலிருந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு, முகம் தெரியாத வில்லியனூருக்குக் குடிவந்தாள். வீட்டில் மிச்சமிருந்தது தம்பியின் காகிதம்தான். அதைக் காட்டி மில்லில் வேலைக்குச் சேர்ந்த பாஸ்கல், அந்தப் பெயரிலேயே கல்யாணம் செய்து, அந்தப் பெயரிலேயே பிள்ளைகளைப் பெற்றார்.

பயந்தவன் பிழைத்துக்கொண்டான். அந்த வெட்கம் ஒரு நாளும் அவரை விட்டுப் போகவில்லை.

கடவுளுக்கு ஆள் தெரியாதா என்று ஒவ்வொரு டிசம்பரிலும் மனசைத் தேற்றிப் பார்ப்பார். மனசு கேட்காது. ஐம்பத்து நாலு வருடமாக நடந்த பூசையெல்லாம் உயிரோடு கடைசி வரிசையில் நின்றவனுக்கு. தண்ணீருக்குள் கிடக்கிறவனுக்காக அவன் பெயரை ஒரு சாமியாரும் வாசித்ததில்லை.

"இந்த வருசம் பூசைக்கு லியோன்னு குடும்மா" என்றார். அழுதுகொண்டுதான் சொன்னார்.

எந்த லியோ என்று சாமியார் கேட்பார். அப்புறம் ஊர் கேட்கும். சுகந்தி காலிப் பாட்டிலை அப்பா கையிலிருந்து வாங்கி மூடினாள்.

"குடுக்கறேன்பா" என்றாள்.

படியேறி வந்ததும் பாஸ்கல் மறுபடியும் அந்தக் கல்லின் முன் போய் நின்றார். வந்ததிலிருந்து பார்க்காத தன் பெயரை எழுத்தெழுத்தாகப் படித்தார்.