கடையில் இருந்த ஒரே பிரதி

புத்தகக் கடைக்காரர் ஒரு புத்தகத்தை நல்லது, கெட்டது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஊரே அப்படித்தான் நம்பியது.

அன்று வந்த வழுக்கைத் தலை மனிதர் நேராகப் போய், மேல்தட்டு மூலையில் இருந்த நீல அட்டை நாவலை உருவினார். கடைக்காரருக்குப் பகீரென்றது.

"அது வேண்டாம் சார். நாலு பக்கம் தாண்டறதுக்குள்ள கொட்டாவி வந்துடும்."

"கதை எப்படி?"

"அப்படி ஒண்ணு இருந்தாத்தானே சார்?"

"நடையாவது?"

"நொண்டும்."

வந்தவர் புத்தகத்தை இருந்த இடத்திலேயே செருகினார். கடைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இருப்பது ஒரே பிரதி, வேறெங்கும் கிடைக்காது. தினமும் கடை திறந்ததும் அதில் ஒரு அத்தியாயம் படித்தால்தான் அவருக்கு வேலையே ஓடும். அதை யார் தொட்டாலும் இதே பல்லவிதான்.

"ரொம்ப நன்றிங்க. நீங்க உள்ளதைச் சொல்றவர்னு கேள்விப்பட்டுத்தான் வந்தேன். அதை எழுதினது நான்தான். ரெண்டாம் பாகம் பாதி முடிச்சிருக்கேன். இனிமே தொடமாட்டேன்."

கடைக்காரர் கல்லாவைச் சுற்றி ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நான் சொன்னது அத்தனையும் பொய். இதுமாதிரி ஒரு நாவலை நான் படிச்சதே இல்லை. ரெண்டாம் பாகம் வராதான்னு காத்துக்கிட்டிருக்கேன்."

எழுத்தாளர் கண்கலங்க அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

"என் மனசு நோகக்கூடாதுன்னு என்ன பாடு படறீங்க. விடுங்க, பொய் சொல்ல உங்களுக்கு வரவே இல்லை."