காலி டப்பா

"நாயோட பழக்கம் உண்டா?" என்றார் சர்ஜன்.

"நாயா? எனக்கா? சேச்சே!" என்றார் மரவாடி மேஸ்திரி, தையல் போட்ட வயிற்றைப் பிடித்தபடி.

"உங்க கல்லீரல்லேருந்து மாதுளம்பழம் அளவுக்குக் கட்டி எடுத்திருக்கேன். உள்ளே முழுக்கப் புழுக் குஞ்சு. அது உடைஞ்சு வயித்துக்குள்ளே சிந்தாம எடுக்கறதுக்குள்ளே எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. நாய்கிட்டேருந்துதான் இது தொத்தும். எந்த நாய்னு சொன்னா அதுக்கும் பூச்சி மாத்திரை கொடுக்கலாம். இல்லேன்னா மறுபடியும் இதே கட்டில்தான்!"

மேஸ்திரி ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

எப்படிச் சொல்வது? சில வருஷங்களுக்கு முன் ஒருநாள், பசியோடு வாலாட்டிய மரவாடி நாய்க்குத் தன் மத்தியானச் சாப்பாட்டில் பாதியைப் போட்டார். அதற்கப்புறம் ஏனோ டப்பாவில் வருவதில் உப்பும் இல்லை, காரமும் இல்லை. ராத்திரிச் சமையல் தேவாமிர்தம். டப்பா மட்டும் சப்பென்று இருக்கும். காலை அவசரமாக்கும் என்று நினைத்துக்கொண்டார். நாய்க்குப் போட்ட பாதி முழுசாகிவிட்டது. நாய்க்கு ஊட்டிய கையைக் கழுவாமலே டீக்கடை பன்னைத் தின்பார். சாயங்காலம் காலி டப்பாவை நீட்டி, "பிரமாதம்!" என்பார். அவள் முகம் மலரும்.

அந்த முகத்தை வாட விடுவதா? கல்லீரல் போனால் போகட்டும்.

"தெருநாய் ஏதாவது மேலே மூச்சு விட்டிருக்கும், டாக்டர்."

"மூச்சுல வராது."

"அப்போ முறைச்சிருக்கும்."

"விட்டுடுங்க டாக்டர்," என்று பரிந்து வந்தாள் மனைவி. "பொய் சொல்லத் தெரியாத மனுஷன்."

உடம்பு தேறி மறுபடி வேலைக்குக் கிளம்பிய காலையில், மனைவி இரண்டு டப்பாக்களை நீட்டினாள்.

"எதுக்கு ரெண்டு?"

"சிவப்பு மூடி உங்களுக்கு. நீல மூடியில மாட்டு டாக்டரைக் கேட்டுப் பூச்சி மாத்திரை கலந்திருக்கேன். கையால தொடாம அப்படியே அதுக்குக் கவுத்துடுங்க."

"உனக்கு... எப்போ தெரியும்?"

"முதல்லேயே. மரவாடிப் பக்கம் வந்தப்போ கண்ணால பார்த்தேனே!"

"பின்னே ஏன் உப்பில்லாம...?"

"நாய்க்கு ஆகாதுன்னாங்க. வாயில்லா ஜீவனாச்சேன்னு அதுக்குத் தகுந்தாப்பல சமைச்சேன். வாய் இருக்கிற ஜீவன் ஒருநாளாவது 'உப்பில்லை'ன்னு சொல்லும்னு இத்தனை வருஷமா பார்த்துக்கிட்டிருக்கேன்!"