ஒரு பாட்டு தூரம்

அவன் போனில் பாட்டைத் தட்டிவிட்டதும், அப்பா சமையலறைக் கதவிலிருந்து கைத்தடியை ஊன்றிக் கிளம்பினார்.

கதவிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கதவு. ஆபரேஷனில் முட்டியை மாற்றி வைத்த பிறகு அப்பாவின் போக்குவரத்து இவ்வளவுதான்.

நடந்தால் கால் பழையபடி மடங்கும், உட்கார்ந்தே இருந்தால் விறைத்துப் போய்விடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். அப்பா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். கறாரெல்லாம் அவரிடம் எடுபடாது. கெஞ்சல், மிரட்டல், அம்மாவின் மூக்குறிஞ்சல் எல்லாம் தோற்ற பிறகு, அவராகவே ஓர் ஒப்பந்தத்துக்கு இறங்கி வந்தார்.

"காலைல ஒரு பாட்டு, சாயங்காலம் ஒரு பாட்டு. பாட்டு முடிஞ்சா உக்காந்துடுவேன். அதுக்கு மேல ஒரு அடி கிடையாது."

சொன்னால் சொன்னதுதான். பாட்டு முடியும் முன்னால் உட்கார மாட்டார். முடிந்த பின் நகரவும் மாட்டார். ஒருநாள் ஹாலின் நடுவில் பாட்டு முடிந்துவிட, அம்மா நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அப்பாவுக்குப் பிடித்தவை எல்லாம் பழைய பாட்டுகள். மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். மூன்று நிமிட நடையில் எந்த முட்டி தேறும்?

அவனுக்கு ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. பேச்சையோ பாட்டையோ வேண்டிய இடத்தில் வெட்டி, வேண்டிய இடத்தில் ஒட்ட வேண்டும். "வெட்டி ஒட்டுற வேலை" என்று அப்பா கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். கோபம் வந்தால் நடுச்சொல்லை விட்டுவிடுவார்.

அந்த வேலையைத்தான் அவன் இந்த மாதம் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

அப்பா 'அழுமூஞ்சிப் பாட்டு' என்று பெயர் வைத்திருந்ததில் தொடங்கினான். நடுவில் வரும் வயலினை இன்னொரு தடவை வாசிக்க வைத்தான். அப்பா நடந்துகொண்டே இருந்தார்.

அடுத்தது, புருஷனும் பெண்டாட்டியும் மாறி மாறிக் குறை சொல்லும் 'சண்டைப் பாட்டு'. சண்டையில் ஒரு சுற்றைக் கூட்டினான். அந்தப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே துணி மடிக்கிற அம்மாவுக்கே வித்தியாசம் தெரியவில்லை.

பாட்டு நீள நீள நடையும் நீண்டது. வாக்கர் மூலைக்குப் போய்க் கைத்தடி வந்தது. அப்பாவின் முகத்தில் சிடுசிடுப்புகூடக் கொஞ்சம் குறைந்தது. இத்தனை வருடத்தில் தன் வேலை உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டதாக அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆனால் வெளியே சொல்ல முடியாது. அப்பாவுக்குத் தெரிந்தால் ஒப்பந்தம் அன்றோடு முறிந்துவிடும். ஏமாற்றியவன் பேச்சை அவர் அப்புறம் காதில் வாங்க மாட்டார். கால் தேறுவது பாதியில் நின்றுவிடும்.

இன்று 'தும்மல் பாட்டு'. இரண்டாம் சரணத்தில் பாடகர் குறும்பாக ஒரு தும்மல் போடுவார். இந்தப் பாட்டை அவன் ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருந்தான்.

அப்பா ஜன்னலில் திரும்பினார். கதவில் திரும்பினார். பாடகர் தும்மினார்.

"நூறு" என்றார் அப்பா, வீட்டில் யாராவது தும்மினால் ஆயுசு கூட்டுவதுபோல.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. தாளத்தைப் பார்த்திருந்தான், மூச்சு விடும் இடத்தைப் பார்த்திருந்தான், எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து ஒட்டியிருந்தான். தும்மலை மட்டும் மறந்துவிட்டான். அந்தச் சரணம் திரும்ப வரப்போகிறது. தும்மலும் கூடவே வரும்.

நிறுத்திவிடலாம் என்று போனை நோக்கிக் கையை நீட்டினான். எதிரே அப்பா அந்தக் கையையே பார்த்தபடி வந்துகொண்டிருந்தார். கையை மெதுவாக இழுத்துக்கொண்டான்.

பாடகர் மறுபடியும் தும்மினார்.

அப்பா ஒரு கணம் நின்றார். அம்மாவும் துணி மடிப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"இருநூறு" என்றார் அப்பா.

பிறகு கைத்தடியை ஊன்றி, பாட்டு முடியும்வரை மிச்சத்தையும் நடந்தார். முடிந்ததும் ஒப்பந்தப்படி உட்கார்ந்தார்.

மழுப்பிப் பயனில்லை என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"எப்பலேருந்துப்பா தெரியும்?"

"முதல் வாரமே தெரியும். டிப்போவுல வண்டிய எடுக்கும்போது அழுமூஞ்சிப் பாட்டப் போட்டா, பாலத்துல முடியணும். எத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன். நீ போட்டது பாலத்தத் தாண்டி மார்க்கெட்டுக்குள்ள போய்க்கிட்டே இருக்கு."

அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவனால் சிரிக்கவும் முடியவில்லை.

"தெரிஞ்சும் எதுக்குப்பா நடந்தீங்க?"

அப்பா முட்டியைத் தடவிக்கொண்டார். காலை நீட்டினார், மடக்கினார். நன்றாகவே மடங்கியது.

"எந்த எடத்துல ஒட்டியிருக்கன்னு கண்டுபிடிக்கத்தான். மாசம் பூரா காதைத் தீட்டிக்கிட்டு நடந்தேன். இன்னைக்குத்தான்டா மாட்டுன."