ஐந்தாம் கவுண்டர்

“இன்னிக்கும் அந்தச் சிடுசிடு கிட்ட மாட்டினோம்னா, நான் ஊருக்கே ஃப்ளைட் ஏறிடுவேன்” என்றாள் மனைவி.

“ஏறுவே, ஏறுவே. மூணு வருஷம் கழிச்சு இப்பத்தான் ஒரே வீட்டுல இருக்கோம்” என்றான் கணவன். பேக்கரியில் அடுப்படி வேலை அவனுக்கு. சட்டைப் பையில் இருந்த பேங்க் கார்டைப் பத்தாவது தடவையாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

அவர்கள் வந்திருந்தது குடியேற்ற அலுவலகத்துக்கு. அவள் இந்த நாட்டிலேயே தங்குவதற்கான விண்ணப்பக் கட்டணம், அவனுடைய எட்டு மாதச் சேமிப்பு. விசா முடிய இன்னும் ஆறே நாள். அதற்குள் பணம் கட்டவில்லை என்றால் பழையபடி அவள் அங்கே, இவன் இங்கே.

பணம் வாங்க இரண்டு கவுண்டர்கள். நான்காவதில் சிரிப்பு சார். ‘வாங்க வாங்க’ என்று இரண்டே நிமிடத்தில் கார்டைத் தேய்த்து ரசீதை நீட்டிவிடுவார். ஐந்தாவதில் ஒரு அம்மா, சிடுசிடு. இரண்டுமே இவர்கள் வைத்த பெயர்தான்.

முதல் தடவை போனபோது சிடுசிடு கேட்டார். “குடும்பப் பேர் எங்கே?”

“எங்களுக்கு அப்படி ஒண்ணு கிடையாதுங்க. அப்பா பேரோட முதல் எழுத்துதான்.”

“பாஸ்போர்ட்ல எந்தக் கட்டத்துல எது இருக்கோ, அதே மாதிரி எழுதிட்டு வாங்க. அடுத்த ஆள்.”

இரண்டாவது தடவை, “போட்டோவுல பல்லு தெரியுது. சிரிக்கக் கூடாது. அடுத்த ஆள்.”

அவள் மேல் தப்பில்லை. போட்டோ எடுக்கும்போது கேமராவுக்குப் பின்னால் நின்று கோணங்கித்தனம் பண்ணியவன் அவன்.

இன்று மூன்றாவது தடவை. டோக்கனில் ஐந்து என்று அச்சாகி வந்தது. அவள் சோர்ந்துபோனாள். பக்கத்தில் ஒரு டாக்ஸி டிரைவர், கையில் நான்காம் கவுண்டர் டோக்கன்.

“அண்ணே, மாத்திக்கலாமா?” என்றான் கணவன் தயங்கித் தயங்கி.

“அஞ்சா? நிஜமாத்தான் சொல்றீங்களா?” டிரைவர் எழுந்து நின்று அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“பாவம், விவரம் தெரியாத மனுஷன்” என்று அவள் காதோடு சொன்னாள். இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

“வாங்க வாங்க” என்றார் சிரிப்பு சார். தாளைப் புரட்டக்கூட இல்லை. “எல்லாம் சரியாத்தான் இருக்கும். கார்டைக் குடுங்க.”

கார்டு இயந்திரத்தைத் தொடப்போகும் நேரம், பக்கத்துக் கவுண்டரிலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“சார், தேய்க்காதீங்க. அந்தப் பொண்ணு போட்டோவுல சிரிப்பை அடக்கிட்டு நிக்குது. கன்னம் ரெண்டும் உப்பியிருக்கு. செல்லாது. வேற எடுத்துட்டு வரச் சொல்லுங்க.”

சிரிப்பு சார் சிரித்தபடியே கார்டைத் திருப்பிக் கொடுத்தார்.

“அடுத்த கவுண்டர்ல வந்து விரட்டுறாளே. போன ஜென்மத்துப் பகை போல இருக்கு” என்று வெளியே வந்து பொருமினாள் அவள்.

வாசலில் புகார்ப் பெட்டி இருந்தது. கணவன் ஒரு சீட்டை எடுத்து, ‘ஐந்தாம் கவுண்டர் அம்மாவுக்கு மனிதர்களைத் திருப்பி அனுப்புவதுதான் பொழுதுபோக்கு’ என்று எழுதிப் போட்டான். போட்டதும் மனசு லேசாகிவிட்டது.

அப்போது டாக்ஸி டிரைவர் ரசீதை ஆட்டிக்கொண்டு, கிட்டத்தட்ட ஆடிக்கொண்டே வந்தார்.

“ரொம்ப நன்றி தம்பி. கால் மணி நேரம் குடைஞ்சு எடுத்துட்டாங்க. கடைசியில ‘சரியா இருக்கு’ன்னுட்டாங்க.”

“அவங்க கிட்ட போறதுக்கா அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க?”

“பின்னே? நாலாம் கவுண்டர்ல ரெண்டு தடவை கட்டினேன். ரெண்டு தடவையும் ஒரு மாசம் கழிச்சு, தப்பு இருக்குன்னு விண்ணப்பம் திரும்பி வந்துச்சு. பணம் வரலை. ரசீது போட்டாச்சுன்னா அது அரசாங்கத்துப் பணம், திரும்பாது. அதுக்கு முன்னாடியே தப்பைப் பார்த்துச் சொல்றது அந்த அம்மா ஒருத்தர்தான்.”

டிரைவர் போய்விட்டார். கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவருமாகப் பெட்டியைப் பார்த்தார்கள்.

“ஹேர்பின் வெச்சிருக்கியா?” என்றான் அவன்.

ஓட்டை வழியாக ஹேர்பின்னை விட்டுத் துழாவினான். “இடது பக்கம். இன்னும் கொஞ்சம். ஐயோ, விட்டுட்டியே” என்றாள் அவள். ஹேர்பின்னும் உள்ளே போய்விட்டது. அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“என்ன பண்றீங்க?”

திரும்பினால், சிடுசிடு. கையில் பெட்டியின் சாவி.

அவர் பெட்டியைத் திறந்தார். உள்ளே கத்தையாகச் சீட்டுகள். கண்ணில் பட்டதெல்லாம் ஐந்தாம் கவுண்டர், ஐந்தாம் கவுண்டர் என்றுதான் இருந்தது. நான்காம் கவுண்டரைப் பற்றி மருந்துக்குக்கூட ஒன்றில்லை. ஹேர்பின்னை அவளிடம் கொடுத்துவிட்டு, மேலாகக் கிடந்த சீட்டை எடுத்து நிதானமாகப் படித்தார்.

“மேடம், அது வந்து… தெரியாம…” என்று இழுத்தான் கணவன்.

“தேதி போடலை, கையெழுத்தும் இல்லை. இப்படி இருந்தா மேல எடுத்துக்க மாட்டாங்க” என்று சீட்டை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தார் சிடுசிடு. “சரி பண்ணி, நாளைக்குப் போட்டோவோட சேர்த்துக் கொண்டு வாங்க.”