சந்தனப் பொட்டு வைத்த கைத்துப்பாக்கி

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். உரிமம் உள்ளவர்களும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தாக வேண்டும். நாச்சிமுத்துவை மருமகள் மிருதுளா காரில் அழைத்து வந்திருந்தாள். ஆயுத பூஜையன்று வைத்த சந்தனப் பொட்டு கைத்துப்பாக்கியின் மேல் இன்னும் காய்ந்து ஒட்டியிருந்தது. அன்றைக்கு அவர் அதைப் பேரன் கையில் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னபோது, இவள்தான் குழந்தையை இழுத்துக்கொண்டாள். "தோட்டா போடற மேகசினைக் கழட்டியாச்சு, இனி வெறும் இரும்புதான். உங்கம்மாளுக்குப் பயத்தப் பாருடா" என்று சொந்தபந்தமெல்லாம் சிரிக்கும்படி சொன்னார். பேரன் அவளையே குறிபார்த்தான். அந்தப் படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

"காலிதான்னு ஒருக்கா இழுத்துக் காட்டிருங்க" என்றார் எஸ்.ஐ.

"பூஜைக்கு முன்னாலயே கழட்டுனதுங்க. அதுக்கப்புறம் தொடவேயில்லீங்க." பெருமையாகவே மேல்பாகத்தைப் பின்னால் இழுத்தார். குழலுக்குள் தங்கியிருந்த ஒரு தோட்டா துள்ளி மேசையில் விழுந்து, உருண்டு, மிருதுளாவின் முன்னால் போய் நின்றது.

எஸ்.ஐ. எழுதுவதை நிறுத்தினார். மிருதுளா தோட்டாவையே பார்த்துக்கொண்டிருந்தாள், மாமனாரைப் பார்க்கவில்லை.

காரில் திரும்பினார்கள். வீட்டு வாசலில் பேரன் விரலை நீட்டி, "தாத்தா, கையத் தூக்குங்க!" என்றான். தூக்கினார். "டுமீல்!" என்று சிரித்துக்கொண்டே அவன் உள்ளே ஓடிவிட்டான்.

மிருதுளா காரைப் பூட்டிவிட்டு வந்தாள். தூக்கிய கைகளை இறக்காமலேயே, அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.